மச்சான் காதுக்கு என்ன விலை

தன் இயர்போனை விலைக்குக் கேட்டு வந்த ஆளை மூன்று தடவை குடையோடு படிக்கட்டில் துரத்தியதாகவும், நான்காவது தடவை அந்த ஆள் கண்ணில் நீர் தளும்ப, வாங்கிய விலைக்கு மேல் ஒரு சைக்கிள் விலையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டு போனதாகவும், அப்படிப் போனவன் வேறு யாருமில்லை, இதோ எதிரில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருக்கும் மச்சான்தான் என்றும் லிஃப்ட்காரர் சொன்னார்.

சொன்ன இடம் அவர் வீட்டு ஹால். கேட்டவர்கள் மூன்றே பேர். மனைவி டீச்சரம்மா, முப்பத்தோரு வருடம் பிள்ளைகளின் வயிற்றுவலிக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத் தேறியவர். அவருக்கே காது கூசியது. சுவரை இடிக்க வந்த கொத்தனார், சம்மட்டியைத் தரையில் ஊன்றி அதன் மேல் தாடையை வைத்து நின்றார். அவருக்கு நாள் கூலி. கதை எவ்வளவு நீண்டாலும் நஷ்டமில்லை. மூன்றாவது, அந்த மச்சான். டீச்சரம்மாவின் கூடப்பிறந்த தம்பி, காலடியில் ஒரு பையோடு. தோய்த்த பிஸ்கட் பாதி ஒடிந்து டீக்குள் முழுகியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"மச்சானுக்கு வயசாயிடுச்சுக்கா" என்றார், லிஃப்ட்காரரைக் கண்ணால் காட்டி.

இது ஏன் யாரும் நம்ப முடியாத கதை என்று தெரிய வேண்டுமானால் மச்சானைத் தெரிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சேதம் மதிப்பிடுகிற வேலை அவருக்கு. வண்டி நசுங்கினால், கடை எரிந்தால், கிடங்கில் தண்ணீர் புகுந்தால் கையில் அட்டையோடு போய் நின்று, இதில் என்ன தேறும் என்று எழுதிக் கொடுப்பார். எதுவும் அதிகம் தேறாது. முப்பத்தைந்து வருடமாக ஊரில் உள்ள பொருளுக்கெல்லாம் தேய்மானம் போட்டுப் போட்டு, அவர் பார்வை பட்டாலே புதுப் பொருளும் ஒரு சுற்று இளைத்துவிடும். கடையில் செருப்பு வாங்கி வாசலில் மாட்டி நாலடி நடந்தவுடன், "இப்ப இது பாதி விலை" என்பார். பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்தால், கொஞ்சுவதற்கு முன்னால் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். சொந்தக்காரர்களுக்குள் அவர் பெயரே தேய்மானம். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்ட ஆள் பழைய இயர்போனுக்குப் புதிய விலைக்கு மேல் கொடுத்தார் என்றால், பூனை பால் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனது என்று சொல்வதைப் போலத்தான்.

லிஃப்ட்காரருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவருடைய கோபம் இடையில் எந்த மாடியிலும் நிற்காது. தரையில் கதவு மூடினால் மொட்டைமாடியில்தான் திறக்கும். கோபம் இன்றைக்கு வந்ததும் இல்லை. ஒரு மாதமாக ஏறிக்கொண்டே இருந்தது.

நாற்பது வருடம் அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். கட்டிடங்களின் அடிக்குழியில் கிரீஸும் இருட்டுமாக உட்கார்ந்து, மேலே கயிறு முனகுவதைக் கேட்டே எந்த உருளை தேய்கிறது என்று சொல்லிவிடுவார். எட்டாவது மாடியில் ஒருவர் பட்டனை அழுத்தினால், அவர் வீட்டில் சண்டையா சமாதானமா என்று கீழேயிருந்து சொல்லுவார் என்பார்கள். என்பார்கள் என்ன, அவரே சொல்லுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நாற்பது வருடம் இரைச்சலைக் கேட்ட காதுக்கு நல்லதாக எதையாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. சின்ன அறையில் ஒரு சாய்வு நாற்காலி போட்டார். அலமாரியில் இரண்டு நல்ல கைக்கடிகாரம் சேர்ந்தது, பெட்டியோடும் உத்தரவாதச் சீட்டோடும். நாலைந்து ஹெட்ஃபோன் சேர்ந்தது. கடைசியாக அந்த இயர்போன் வந்தது.

அது கடையில் தொங்குகிற சாதி இல்லை. காதுக்குள் பசைபோல் ஒன்றைப் பிதுக்கி, பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார வைத்து, அச்சு எடுத்து, அந்த அச்சில் வார்த்துச் செய்தது. (அந்தப் பத்து நிமிடத்துக்கே காசு தகும் என்று டீச்சரம்மா அன்றைக்குச் சொன்னார்.) விலை, ஒரு நல்ல மோட்டார் பைக். காதில் வைத்துத் திருகினால் ஜாடிக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். அப்புறம் உலகம் கிடையாது.

உலகத்தில் டீச்சரம்மாவும் அடக்கம் என்பதுதான் வம்பு. சாப்பாடு ஆறுகிறது என்று மூன்று தடவை கூப்பிடுவார். கதவைத் தட்டுவார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டுக் கூப்பிட்டார், அதுவும் கேட்கவில்லை. முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் ஈரத் தரையில் கால்மணி நேரம் உட்கார்ந்து, தானே எழுந்து, தானே மருந்து போட்டுக்கொண்டவரின் கோபத்துக்குச் சிராய்ப்பின் அளவு கணக்கில்லை. அந்த வாரமே சொல்லிவிட்டார், சின்ன அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இனிச் சுவர் வேண்டாம் என்று.

தம்பியையும் வரவழைத்தார். தேய்மானம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். மொத்தத்தையும் எடைக்குப் போட்டால் இரண்டு நாள் காய்கறிக்குத் தேறும் என்று அறிவித்தார். அதற்கு ஒரு சுவரை வேறு காவல் வைக்க வேண்டுமா என்று கேட்டார்.

லிஃப்ட்காரர் எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. "ஒண்ணே ஒண்ணு. இதுல ஒண்ணை, வாங்கின விலைக்கு ஒரு பைசா குறையாம ஒரு மாசத்துல விக்கறேன். வித்துட்டா இந்தச் சுவர்ல எவனும் கை வைக்கக் கூடாது."

"விக்கலைன்னா?" என்றார் டீச்சரம்மா.

"நானே முதல் அடி அடிக்கறேன்."

எதை விற்கப் போகிறீர்கள் என்று தேய்மானம் நிதானமாகக் கேட்டார். அங்கேதான் கோபம் தன் வேலையைக் காட்டியது. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் கைக்கடிகாரம் இரண்டும் இருந்தன. அதில் ஒன்றைத் தொட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். கோபத்தில் கைக்குக் கண் ஏது? அது சட்டென்று எதை அள்ளியதோ அதை மேசையில் அறைந்து வைத்தது. பார்த்தால், இயர்போன். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. டீச்சரம்மா காலண்டரில் தேதியை வட்டமிட்டார், சிவப்பு மையில்.

மறுநாள் லிஃப்ட்காரர் பழைய கடிகாரமும் பாட்டுக் கருவியும் வாங்கி விற்கிற கடைக்குப் போனார். ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி சொருகிய கடைக்காரர். இயர்போனைப் பார்த்ததும் அவர் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லையாம்.

"ஐயா, உங்க கையில கட்டியிருக்கீங்களே, அந்த வாட்சைக் குடுங்க. வாங்கின விலையைவிடக் கூடவே தரேன். பெட்டி, சீட்டு இருக்கா? இன்னும் கூட. வாட்ச் எவன் கையிலயும் நிக்கும். இது உங்க காதுக்குச் செஞ்சது. ஒருத்தர் பல்செட்டை இன்னொருத்தர் வாங்குவாங்களா?"

பிரித்து வேறு ஆளுக்கு வார்த்துக்கொள்ளலாமே என்று லிஃப்ட்காரர் கேட்டார். வார்த்த பட்டறையையே மூடிவிட்டார்கள் என்றார் கடைக்காரர். பின் ஒரு பொன்மொழி சொன்னார், இலவசமாக: "வாங்கற ஆள் இருந்தா விலை. இல்லைன்னா எடை."

லிஃப்ட்காரர் படியேறி வெளியே வந்தபோது, அவர் விட்ட மூச்சில் வாசலில் தொங்கிய பலகை ஆடியது. வேறு ஏழு கடை ஏறினார். ஏழிலும் பல்செட் உவமைதான். ஏதோ கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கூட்டம் போட்டு முடிவெடுத்ததுபோல. போனில் விளம்பரம் போட்டுப் பார்த்தார். ஒருவன் கடைசி விலை என்ன என்று கேட்டான், முதல் விலையைக் கேட்காமலே. ஒருவர் பதிலுக்கு மீன் தொட்டி தருவதாகச் சொன்னார், மீன் இல்லாமல். தனக்கு இடது காது மந்தம், வலது பக்கத்தை மட்டும் பாதி விலைக்குத் தர முடியுமா என்றார் மற்றொருவர். எல்லாருக்கும் லிஃப்ட்காரர் பதில் எழுதினார். அவற்றை இங்கே எழுத முடியாது.

பத்தாம் நாளிலிருந்து அவர் காது பார்க்க ஆரம்பித்தார். பேருந்தில், வங்கி வரிசையில், மருந்துக் கடையில், எதிர்ப்பட்ட மனிதனின் முகம் அவருக்குத் தெரியாது. காது மட்டும்தான் தெரியும். இந்த உலகத்தில் எத்தனை விதமான உருப்படாத காதுகள் இருக்கின்றன என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. வாழைப்பூ மடல்போல் ஒன்று, சுருங்கிப்போன அப்பளம்போல் ஒன்று. ஒரு பெண்மணியின் காதை நாலு நிறுத்தம் வரை உற்றுப் பார்த்ததில், அவர் கைப்பையை ஓங்கினார். லிஃப்ட்காரர் பேருந்தை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்தார், வழியெல்லாம் தன்னைத்தானே திட்டியபடி.

பதினெட்டாம் நாள் முடி வெட்டிக்கொள்ளப் போனார். சலூன்காரரிடம் மனம் விட்டுப் புலம்பினார். காதோரம் கத்தரி வைத்திருந்த சலூன்காரர் காதை முன்னால் மடக்கி, பின்னால் மடக்கி, பார்த்துவிட்டு, இதே காது இன்னொன்று தன் கடைக்கு வருகிறது என்றார்.

லிஃப்ட்காரர் நாற்காலியோடு திரும்பினார்.

"சத்தியமா சார். அச்சு அசல். மேல கரண்டி மாதிரி விரிஞ்சு, உள்ள இந்தக் குழி, கீழ இந்தச் சின்ன மடிப்பு. மாசம் ஒரு தடவை வருவார். முடி பாதியாக் குறைஞ்சிடுச்சு, கூலியும் பாதியாக் குறைன்னு ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவார்."

வேறு யாராக இருக்க முடியும்? லிஃப்ட்காரர் தாய்மாமன் மகளைக் கட்டியவர். அவருடைய அம்மாவைப் பெற்றவரும், தேய்மானத்தின் அப்பாவைப் பெற்றவரும் ஒரே மனிதர். அந்தக் கிழவர் சொத்தென்று எதுவும் வைக்கவில்லை. காதை மட்டும் ஆளுக்கு ஒரு ஜோடி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டீச்சரம்மா மட்டும் தன் அம்மாவின் காதை வாங்கிக்கொண்டு தப்பித்தார்.

பாதி முடி வெட்டிய தலையோடு லிஃப்ட்காரர் வீட்டுக்கு நடந்தார். கோபத்தில் மீதிப் பாதியை மறந்துவிட்டார். பூமியில் ஒரே ஒரு காது பொருந்துகிறது, அது அவனுடையது. அவன் காதில் இதைப் போடுவதைவிட, சம்மட்டி எடுத்துத் தானே இடித்துவிடலாம்.

தேய்மானம் இருபத்திரண்டாம் நாள் சாக்கட்டியும் அளவு நாடாவுமாக வந்தார், சுவரில் கோடு போட. டீச்சரம்மா கடைக்குப் போயிருந்த நேரம். லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்து வயலின் கேட்டுக்கொண்டிருந்தவர், ஆளைக் கண்டதும் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். கோடு போட்டால் கையை ஒடிப்பேன் என்றார். இன்னும் எட்டு நாள்தானே, இப்போதே போட்டு வைத்தால் என்ன என்றார் தேய்மானம். பேசிக்கொண்டே, செத்த கரப்பானை எடுப்பதுபோல இயர்போனை இரண்டு விரலால் எடுத்தார்.

"தொடாதே" என்றார் லிஃப்ட்காரர்.

தொடாதே என்றால் தேய்மானம் விடுவாரா? எரிந்த கடைகளில் எத்தனை முதலாளிகளின் தொடாதேயைத் தாண்டியவர். "உலகத்துல ஒருத்தனுக்கும் சேராத சாமான்" என்று சிரித்தபடி காதில் வைத்துத் திருகினார்.

உட்கார்ந்தது. அறையில் இருந்த இருவரும் அதை உணர்ந்தார்கள். சிரிப்பு தேய்மானத்தின் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது. மற்றக் காதிலும் வைத்தார். கண்ணை மூடினார். பின்னாலேயே தடவிப் பார்த்து நாற்காலியில் சாய்ந்தார், லிஃப்ட்காரரின் நாற்காலியில்.

"மச்சான், வில்லு கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி அந்த ஆள் மூச்சு இழுக்கறான்" என்றார், கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரலில். "மூச்சு, மச்சான்."

லிஃப்ட்காரர் கழற்று என்றார். கேட்கவில்லை. கத்தினார். அதுவும் கேட்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். ஒன்றரை மணி நேரம் கழித்து, பாட்டு தானாக முடிந்த பிறகுதான், தேய்மானம் கண்ணைத் திறந்தார். கூப்பிடக் கூப்பிடக் காது கேளாத ஒருவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது. அது அவருடைய கோபத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை; கொஞ்சத்தைத் தன் பக்கம் திருப்பியதோடு சரி.

தேய்மானம் போகும்போது வழக்கப்படி தேய்மானம் போட்டார். நூற்றுக்கு அறுபது தருகிறேன் என்றார். லிஃப்ட்காரர் குடையை எடுத்துக்கொண்டு நாலாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடி வரை துரத்தினார். மறுநாள் முழு விலை. முழு விலைதானே வேண்டும், விற்றிருக்கலாமே என்றால், தேய்மானம் அதோடு வாயை மூடவில்லை. மச்சானைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, அதனால் தருகிறேன் என்றார். அன்றைக்குக் குடை கீழ்வாசல் வரை போனது. மூன்றாம் நாள், பாவம் என்ற சொல்லை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கும் குடை. பழகிப்போய்விட்டது. அவர் வந்ததெல்லாம் அக்கா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

இருபத்தேழாம் நாள் லிஃப்ட்காரர் கதவைத் திறந்தபோது, வாசலில் தேய்மானம் கையில் பழுப்புக் கவரோடு நின்றார். மூச்சு வாங்கியது. கண் சிவந்து நீர் தளும்பியது. மூன்று நாளாக ஊரில் உள்ள இயர்போனையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டாராம். ஒன்றும் உட்காரவில்லையாம். எதைப் போட்டாலும் அந்த மூச்சு இல்லையாம்.

"ஒரு பைக்கு, மச்சான். மேல ஒரு சைக்கிள். எண்ணிப் பாத்துக்க."

லிஃப்ட்காரருக்குக் கோபம் தீரவில்லை. நாள்தான் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் அறை, ஒரு பக்கம் இந்த ஆள். பெட்டியைக் கொண்டுவந்து நெஞ்சில் இடிப்பதுபோல் நீட்டினார். இரண்டு கையும் ஏந்தி வாங்கிக்கொண்ட தேய்மானம், வெளியே தெரிய வேண்டாம் என்றார்.

"வெளியே எதுக்கு? உள்ள தெரிஞ்சா போதும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் லிஃப்ட்காரர்.

அதைத்தான் இன்றைக்கு, வட்டமிட்ட தேதியில், கொத்தனாரை வைத்துக்கொண்டு சொன்னார். சொன்னவரின் மடியில் பழுப்புக் கவரும் இருந்தது. டீச்சரம்மா கவரை வாங்கிப் பார்த்தார். இது உங்கள் வைப்புத்தொகையை உடைத்த பணமாக இருக்கக் கூடாதா என்று கேட்டார். இயர்போனை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டுப் பேசுவதாகத் தேய்மானம் எடுத்துக் கொடுத்தார். முப்பத்தைந்து வருடம் பொய்க் கணக்குகளைப் பிடித்தவரல்லவா, பொய் எப்படிச் சொன்னால் நிற்கும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

 "உன் பையைத் திறந்து காட்டுடா" என்று லிஃப்ட்காரருக்கு வாய் வரை வந்தது. பெண் கொடுத்த வீட்டுக்காரனின் பையைச் சோதிக்கிற அளவுக்குத் தாழ்வதா என்று அதை விழுங்கினார்.  சரி, எடு சம்மட்டியை என்று கொத்தனாரிடம் கையை நீட்டினார். சொன்ன சொல், முதல் அடி அவருடையது.

டீச்சரம்மா நடுவில் வந்து நின்றார். "இருங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். அது இந்த வீட்டை விட்டுப் போச்சா இல்லையா?"

"போச்சு. இப்பெல்லாம் நீ கூப்பிட்டா எனக்குக் கேக்குது. நாலு நாளாக் கேக்குது. நீ சோதிச்சுப் பாக்கலை."

அவர் கணவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி டீ டம்ளரின் அடியைப் பார்த்தார்.

கொத்தனார் சம்மட்டியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே, தன் பங்குக்கு ஒரு நியாயம் சொன்னார். "விடுங்கம்மா. ஒருத்தர் காதுக்குச் செஞ்ச பழைய சாமானை, பைக் விலைக்கு மேல சைக்கிள் விலையும் குடுத்து எவனாவது வாங்குவானா? அப்படியே ஒருத்தன் வாங்கியிருந்தா அவன் பைத்தியக்காரன். நல்லா ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தம்."

"அதானே" என்றார் டீச்சரம்மா, கண்ணைத் தம்பி மேலிருந்து எடுக்காமல். "வாங்கினவன் ஏமாந்த சோணகிரியாத்தான் இருக்கணும்."

தேய்மானத்தின் காது சிவந்தது. முதலில் விளிம்பு, பிறகு அந்தக் குழி, பிறகு கீழே இருந்த சின்ன மடிப்பு. டம்ளரை மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் டீ கொத்தனாரின் கால் வரை தெறித்தது.

"யோவ், யாருய்யா ஏமாந்தது? முப்பத்தஞ்சு வருஷத்துல என்னை ஏமாத்தினவன் ஒருத்தன் உண்டா? எத்தனை கம்பெனி என் கையெழுத்தை நம்பிப் பணம் குடுக்குது தெரியுமா? பொருளைக் காதுல வச்சு, ஒன்றரை மணி நேரம் கேட்டு, ஊர் பூராத் தேடி, ஈடு இல்லைன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். அதுக்கு அந்த விலை தகும். இன்னும் ஒரு சைக்கிள் கேட்டிருந்தாலும் தகும்."

 கொத்தனார் சம்மட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அரை நாள் கூலி உண்டுதானே என்ற முகத்தோடு டீச்சரம்மாவைப் பார்த்தார். லிஃப்ட்காரர் சுவரில் கையை ஊன்றி நின்றார்.

"அப்ப குடையோட துரத்தினது?" என்று கேட்டார் டீச்சரம்மா.

தேய்மானம் அக்காவைப் பார்க்காமல், மச்சானையும் பார்க்காமல், பையை இழுத்து மடியில் வைத்து அணைத்துக்கொண்டார்.

"மூணு தடவைக்கா. நடந்தது."